ஒரே வயல், ஐந்து பதிவேடு: அரசுத் துறைகளுக்குப் பொதுத் தரவுத் தரநிலை எதற்கு?

சம்பா நெல் நட்ட கையோடு காவிரி டெல்டா விவசாயி ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். உள்ளே சிட்டா (யாருக்கு எவ்வளவு நிலம் என்ற வருவாய்த் துறைப் பதிவு), அடங்கல் (எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு), ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு முறை, பயிர்க் காப்பீட்டுக்குப் பொதுச் சேவை மையத்தில் ஒரு முறை, மானிய விதைக்கும் இடுபொருளுக்கும் வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு முறை, அறுவடை ஆனதும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்காக ஒரு முறை என்று அதே உறை அதே காகிதங்களோடு சுற்றி வருகிறது. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வந்தபோது அதற்காகவும் இன்னொரு நடை.

“எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கிற தகவல்தானே, எத்தனை தடவை கேட்பார்கள்?” என்று கேட்பது நியாயம். தகவல் இருப்பது உண்மை. ஒரு துறை எழுதி வைத்ததை இன்னொரு துறையின் கணினி அதே பொருளில் படிக்க முடியாததுதான் சிக்கல். அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கான ஏற்பாட்டைத்தான் ‘பொதுத் தரவுத் தரநிலை’ என்கிறார்கள்.

தரநிலை என்றால் என்ன?

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. தரவு: பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குள் எழுதப்படும் மதிப்பு. ‘நெல்’, ‘0.4050’, ‘கொள்ளிடம்’ ஒவ்வொன்றும் ஒரு தரவு.

2. தரநிலை: அந்தக் கட்டத்தில் எதை, எந்த வடிவில், எந்த அளவில், எந்தப் பட்டியலிலிருந்து எடுத்து எழுத வேண்டும் என்று எல்லாத் துறைகளும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட விதி.

3. மூலப் பதிவேடு: ஒரு தகவலைத் திருத்தும் அதிகாரமும் பொறுப்பும் உள்ள அலுவலகத்தின் பதிவேடு. நில உடைமைக்கு வருவாய்த் துறையின் பதிவேடுதான் மூலப் பதிவேடு. மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், தங்கள் பக்கத்தில் மாற்றி எழுதக் கூடாது.

எல்லாத் துறைத் தகவலையும் ஒரே பெரிய கணினியில் கொட்டுவதைத்தான் தரநிலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. வருவாய்த் துறைப் பதிவு அங்கேயே இருக்கட்டும், கூட்டுறவுச் சங்கத்தின் பேரேடும் அங்கேயே இருக்கட்டும். ஒன்று கேட்கும் கேள்விக்கு மற்றொன்று குழப்பமில்லாமல் பதில் சொன்னால் போதும்.

எங்கெங்கே முட்டிக்கொள்கிறது?

1. இடத்தின் பெயர்

மயிலாடுதுறை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வருவாய்த் துறைக் கணக்கில் அங்கே நான்கு தாலுகா: மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி. ஊரக வளர்ச்சித் துறைக் கணக்கில் ஐந்து ஒன்றியம்: மயிலாடுதுறை, குத்தாலம், செம்பனார்கோயில், சீர்காழி, கொள்ளிடம். கொள்ளிடம் ஒன்றியம் சீர்காழி தாலுகாவுக்குள் இருக்கிறது. கொள்ளிடம் என்பது ஆற்றின் பெயரும்கூட. வேளாண்மைத் துறை ஒன்றியத்தை வைத்துப் பட்டியல் போடும், வருவாய்த் துறை தாலுகா, குறுவட்டம், வருவாய்க் கிராமம் என்று இறங்கும், நீர்வளத் துறைக்கோ ஆறும் வாய்க்காலும்தான் எல்லை. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சிகள் வரலாம், ஓர் ஊராட்சிக்குள் மூன்று வருவாய்க் கிராமங்களும் வரலாம்.

இதற்காகத்தான் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் உள்ளாட்சிக் குறியீட்டு அடைவு ஒன்றை நடத்துகிறது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம், ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் தனி எண். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. டெல்டாவுக்கு நடுவே காரைக்கால் 34-இல் இருக்கிறது. காரைக்காலில் வீடும் நாகை மாவட்டத்தில் நிலமும் உள்ளவரின் முகவரி ஒரு மாநிலம், வயல் ஒரு மாநிலம். முகவரிக் குறியீடும் நிலக் குறியீடும் தனித்தனிக் கட்டமாக இல்லாத படிவம் அவரை ஏற்காது.

குறியீடு தவறினால் வரும் நட்டம் காப்பீட்டில்தான் மிகப் பெரிது. தமிழ்நாட்டில் நெல்லுக்கு இழப்பைக் கணக்கிடுவது வருவாய்க் கிராம அளவில். கிராமத்தில் தேர்ந்தெடுத்த வயல்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, எடை பார்த்து, கிராமத்தின் சராசரி மகசூலைக் கண்டுபிடிக்கிறார்கள். பதிவு செய்பவர் கணினிப் பட்டியலில் அதே பெயருள்ள பக்கத்து ஊரைத் தட்டிவிட்டால், உங்கள் வயலின் தலையெழுத்தை அந்த ஊர் மகசூல் தீர்மானிக்கும். உங்கள் ஊர் முழுக்க மூழ்கியிருந்தாலும் அங்கே விளைச்சல் நன்றாக இருந்தால் உங்களுக்கு இழப்பீடு வராது. பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருக்கும். அதில் கிராமத்தின் பெயர்கூடச் சரியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, குறியீட்டுக்கு வரலாறும் வேண்டும். மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 அன்று நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதைக் குறிக்காமல் 2019-இன் நாகை சம்பா பரப்பையும் 2021-இன் நாகை சம்பா பரப்பையும் ஒப்பிட்டால், சாகுபடியே சரிந்துவிட்டதாகக் கணினி சொல்லும். வயல் எங்கும் போகவில்லை, மாவட்டக் கோடு நகர்ந்தது. ஆகவே ஒவ்வொரு குறியீட்டோடும் ‘எந்த நாள் முதல், எந்த நாள் வரை’ என்பதையும் சேர்த்து வைக்கச் சொல்வது நல்ல தரநிலை.

2. புல எண்ணும் பரப்பும்

புல எண் (சர்வே எண்) 12, உட்பிரிவு 3. இதை 12/3 என்று எக்செல் தாளில் அடித்தால், கட்டத்தின் வகையை ‘எழுத்து’ என்று முன்பே மாற்றி வைக்காத பட்சத்தில், அது தேதியாக மாறிவிடும். மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ காட்டும். மீண்டும் எண்ணாக மாற்றினால் ஐந்து இலக்கத்தில் ஒன்று வரும், பழைய புல எண் திரும்ப வராது. பல துறைகள் பட்டியல்களை இன்றும் எக்செல் தாளாகவே அனுப்பிக்கொள்வதால் இது சின்ன விஷயம் இல்லை. தீர்வு எளிது: புல எண் ஒரு கட்டம், உட்பிரிவு தனிக் கட்டம், இரண்டும் எழுத்து வகை. உட்பிரிவில் ஆங்கில ‘ஏ’வா தமிழ் ‘அ’வா என்பதையும் ஒரு முறை முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

பரப்பு இதைவிடச் சிக்கலானது. பேச்சில் மா, குழி, வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு). ஓர் ஏக்கர் நிலம் சிட்டாவில் ‘0 - 40.50’ என்று இருக்கும், அதாவது 0 ஹெக்டேர், 40.50 ஏர். பதிவு செய்பவர் இதை 0.405 என்று எடுத்து, ஏக்கர் கேட்கும் கட்டத்தில் அடித்துவிட்டால் 100 சென்ட் நிலம் 40 சென்டாகிறது. காப்பீடு 40 சென்டுக்குத்தான். கொள்முதலில் ஏக்கருக்கு 60 சிப்பம் (கொள்முதல் மூட்டை) என்று ஓர் உச்சவரம்பு வைத்திருப்பதாகக் கொண்டால், கணினி 24 சிப்பத்தோடு கதவைச் சாத்தும். மீதி நெல்லைக் களத்தில் குவித்துவைத்து வியாபாரியைத் தேட வேண்டியதுதான். வியாபாரியின் மூட்டை 60 கிலோ, கொள்முதல் நிலையத்தின் சிப்பம் 40 கிலோ. ‘ஐம்பது மூட்டை போட்டேன்’ என்ற ஒரு வரியில் ஒரு டன் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

ஆகவே தரநிலை இங்கே இரண்டு விதி வைக்கிறது. அலகைக் கட்டத்தின் பெயரிலேயே எழுது: ‘பரப்பு’ என்று விடாமல் ‘பரப்பு_ஹெக்டேர்’ என்று. சேமிப்பது ஒரே அலகில் இருக்கட்டும், ஏக்கருக்கோ மாவுக்கோ மாற்றுவது திரையில் காட்டும்போது மட்டும் நடக்கட்டும்.

நீர்க் கணக்கிலும் இதே கதைதான். மேட்டூர் நீர்வரத்தைச் செய்தியில் விநாடிக்குக் கன அடி என்கிறோம். கன மீட்டரில் எழுதும் அறிக்கைகளும் உண்டு. ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. அணையின் இருப்பை டி.எம்.சி.யில் (நூறு கோடி கன அடி) சொல்கிறோம். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி.

3. காலம்

டெல்டாவில் ஒரே நெல்லுக்கு நான்கு காலண்டர் ஓடுகிறது.

வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. காவிரி நடுவர் மன்றத்தின் நீராண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. வரவுசெலவுக்கு நிதியாண்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரை. நெல் கொள்முதலுக்கு நாடு முழுக்க அக்டோபர் முதல் செப்டம்பர் வரையான காரிஃப் (மழைக்காலப் பயிர்) சந்தைப் பருவம். முன்கூட்டி அறுவடையாகும் குறுவை நெல்லுக்காக 2022 முதல் தமிழ்நாட்டில் அதை செப்டம்பர் 1-லேயே தொடங்குகிறார்கள்.

2025 ஜூன் 20 அன்று விதைத்த குறுவை பசலி 1434-இல் முளைக்கிறது. செப்டம்பர் கடைசியில் அறுக்கும்போது பசலி 1435. விதைப்பைத் தேடுகிறவர் ஒரு பசலியிலும் அறுவடையைத் தேடுகிறவர் அடுத்த பசலியிலும் பார்த்தால் ஒரே பயிர் இரண்டாகத் தெரியும், அல்லது இரண்டிலும் தெரியாமல் போகும். சம்பாவின் நிலை இன்னும் விசித்திரம். காப்பீட்டில் அது ராபி (குளிர்காலப் பயிர்) கணக்கில் வந்து, விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், அதே நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது காரிஃப் சந்தைப் பருவத்து நெல்.

ஆகவே பருவத்தின் பெயரை மட்டும் நம்பி இரு துறைப் பட்டியல்களை இணைக்கக் கூடாது. விதைத்த நாள், அறுத்த நாள் இரண்டையும் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் (2025-06-20) எழுதிவிட்டால், எந்தக் காலண்டருக்கும் கணினியே மாற்றிக்கொள்ளும். 05/06 என்றால் ஜூனா மே மாதமா என்ற சந்தேகமும் தீரும். மழைக்கணக்கிலும் ‘நாள்’ என்பதை வரையறுக்க வேண்டும். வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நள்ளிரவில் கொட்டிய மழை மறுநாள் தேதியில் பதிவாகும். பயிர் மூழ்கிய தேதியையும் மழைப் பதிவையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

4. தமிழ் எழுத்து

யூனிகோடு என்ற உலகப் பொது முறைக்கு முன்பு ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) வைத்திருந்தது. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கந்தர்கோலம். 1999-இல் தாம், தாப் என்ற பொதுக் குறியேற்றங்கள் வந்தன. 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல்கள் அலுவலகக் கணினிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கும்போது துணைக்காலும் ரகரமும் இடம் மாறிவிடுகின்றன. கண்ணுக்குச் சரியாகவே தெரியும்.

யூனிகோடிலேயே அடித்தாலும் ஒரு கண்ணி உண்டு. ‘கொள்ளிடம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றை ஒரே குறியெண்ணாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு ஒரு குறியெண், துணைக்கால் ஒரு குறியெண் என்று பிரித்து வைக்கலாம். முதல் வகையில் முழுச்சொல்லுக்கு 9 குறியெண்கள், இரண்டாவதில் 10. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு ஊர். கொரடாச்சேரிக்கும் இதே கதி, பெயரில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள ஒவ்வொரு விவசாயிக்கும் இதே கதி. யூனிகோடிலேயே இதற்கு மருந்து இருக்கிறது: சேமிக்கும் முன்பும் ஒப்பிடும் முன்பும் எழுத்தை இயல்பாக்கம் செய்ய வேண்டும், அதாவது இரு விதத்தையும் ஒரே விதமாக்க வேண்டும். மென்பொருளில் ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி விட்டுப்போனால் ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற சிவப்பு எழுத்து வரும், காரணம் என்னவென்று கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியாது, வெளியே நிற்பவருக்கும் தெரியாது.

ஆங்கிலத்தில் எழுதினால் தப்பலாம் என்றால் அதுவும் இல்லை. 2020-இல் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வந்து, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. பெயரை வைத்து இணைக்கும் ஏற்பாடு அத்தகைய ஒரு ஆணையில் குலைந்துவிடும். குறியீட்டை வைத்து இணைத்திருந்தால் ஒன்றும் ஆகாது.

யார் விவசாயி?

இதுவரை சொன்னவை கணினி அறிந்தவர்கள் உட்கார்ந்து சரிசெய்யக்கூடியவை. இனி சொல்வது அப்படி இல்லை. டெல்டாவில் பொதுத் தரநிலை நிற்குமா விழுமா என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் ‘விவசாயி’ நிலத்தின் உடைமையாளர். பயிர்க் காப்பீட்டில் ‘விவசாயி’ என்றால் குத்தகைதாரரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரதாரரும் சேர்த்தி. கொள்முதல் நிலையத்தில் அடங்கலில் உள்ள சாகுபடிதான் பேசும். மூன்று படிவத்திலும் கட்டத்தின் பெயர் ஒன்றே, பொருள் மூன்று.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை முழுக்கக் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். சிட்டாவில் பட்டாதாரராக இருப்பது சுவாமியோ மடமோ. உழுகிறவர் பெயர் அதில் வராது. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பதிந்துகொண்டவர்களுக்கு ஓர் ஆவணம் உண்டு. வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்கிறவர்களுக்கு அடங்கல்தான் ஒரே பிடிமானம். விவசாயிக்கு எண் கொடுக்கும் ஏற்பாடு பட்டாவோடு மட்டும் பொருத்திப் பார்த்தால், வயலில் கால் வைக்கிற இவர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள். அந்த எண்ணே பிறகு கடனுக்கும் உரத்துக்கும் கொள்முதலுக்கும் நுழைவுச் சீட்டானால், ஒரு கணினிக் கட்டத்தின் வரையறை ஒரு குடும்பத்தின் சாகுபடியையே நிறுத்திவிடும்.

சரியான வடிவமைப்பு, நில உடைமையாளர், சாகுபடியாளர், பணம் பெறுபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் கட்டம் வைக்கும். மூன்றிலும் ஒரே ஆள் இருக்கலாம். இருக்கத்தான் வேண்டும் என்று மென்பொருள் வற்புறுத்தக் கூடாது. கூட்டுப் பட்டாவில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தால் யார் எந்தப் பகுதியில் பயிரிடுகிறார் என்பதும், தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டாவில் வாரிசு யார் என்பதும் இந்த மூன்று கட்டங்களுக்குள்தான் தீர வேண்டும்.

பகிர்வு நடக்கும் விதம்

கொள்முதல் நிலையத்தில் ஒருவர் நெல்லைப் பதிவு செய்கிறார். தரநிலை முழுமையாக இருக்கும் இடத்தில் நடக்க வேண்டியது இது:

1. கொள்முதல் கணினி மூன்றை மட்டும் அனுப்புகிறது: கிராமக் குறியீடு, புல எண்ணும் உட்பிரிவும், பருவத்தின் தேதி வரம்பு.

2. அடங்கல் கணினி அந்தப் புலத்தில் இருந்த பயிர், பரப்பு ஹெக்டேரில், சாகுபடியாளரின் குறிப்பு எண், கிராம நிர்வாக அலுவலர் சரிபார்த்த நாள் ஆகியவற்றைத் திருப்பித் தருகிறது.

3. பொருந்தவில்லை என்றால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லக் கூடாது. பரப்பு மிகுதி, பயிர் வேறு, அடங்கல் இன்னும் ஏற்றப்படவில்லை என்று காரணக் குறியீடு வர வேண்டும்.

4. கேட்டது யார், எந்த நாள், எதற்காக என்ற பதிவு இரு பக்கமும் நிற்க வேண்டும்.

மூன்றாவது படிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. காரணம் தெரியாத விவசாயி எந்த அலுவலகத்துக்குப் போவது? வயல்வெளி ஆய்வு தாமதமாகி அடங்கல் ஏறாமல் இருப்பதும், வேறு பயிர் ஏறியிருப்பதும் வெவ்வேறு ஆட்கள் தீர்க்க வேண்டிய வேலைகள்.

பழுது திரும்பிப் போகும் வழியும் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் பரப்பு தவறு என்று தெரிந்தால் அங்கேயே திருத்திவிட எல்லோருக்கும் ஆசையாக இருக்கும். திருத்தினால் அடுத்த பருவத்தில் அதே தவறு மூலப் பதிவேட்டிலிருந்து மீண்டும் வந்து நிற்கும். திருத்தக் கோரிக்கை மூலத்துக்குப் போய், அங்கே திருத்தப்பட்டு, எல்லாரிடமும் தானாகவே வர வேண்டும்.

ஆதார் எண்ணையே எல்லாப் பட்டியல்களுக்கும் பொதுச் சாவியாக்கிவிடலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். ஆதாரின் 12-ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணினி உடனே கண்டுபிடித்துவிடும். அந்த வகையில் அது நல்ல எண். ஆனால் அது ஆளைச் சொல்லுமே தவிர வயலைச் சொல்லாது. ஒரே ஆள் மூன்று கிராமத்தில் பயிர் செய்யலாம். பட்டியல்கள் கைமாறும்போதெல்லாம் ஆதார் எண்ணும் சேர்ந்து கைமாறுவது ஆபத்தும்கூட. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆளை ஒரு முறை ஆதாரால் சரிபார்த்துவிட்டு, துறைகளுக்கிடையே வேறொரு குறிப்பு எண்ணை ஓடவிடுவதே பாதுகாப்பு. நிலத்துக்குத் தனியாக 14 இலக்க அடையாளக் குறியீடு இருக்கிறது. அது புலத்தின் எல்லை முனைகளின் புவி ஆயத்தொலைவிலிருந்து உருவாவது. புலப்படம் சரியாகப் புவியோடு பொருத்தப்பட்டிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பதிவின்போது பார்க்க வேண்டியவை

1. ரசீதில் கிராமத்தின் பெயரோடு குறுவட்டம், தாலுகா இரண்டும் உங்களுடையவையா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருக்கும் ஊரைப் பிரித்துக்காட்டுவது இவை இரண்டும்தான்.

2. பரப்புக் கட்டம் ஹெக்டேரா ஏக்கரா என்று கேளுங்கள். ஹெக்டேரை 2.47-ஆல் பெருக்கினால் ஏக்கர். சிட்டாவின் ‘0 - 40.50’ ஏக்கரில் 1 என்று வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

3. புல எண்ணும் உட்பிரிவும் முழுமையாக இருக்கின்றனவா, தேதி போல ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

4. ஆதார் வழி வரும் பணம், நீங்கள் கொடுத்த பாஸ்புக்குக்குப் போகாது. எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். ‘பணம் வரவில்லை’ என்று மனு எழுதும் முன்பு மற்றக் கணக்கைப் பாருங்கள். 2020-இல் பல பொதுத்துறை வங்கிகள் இணைந்ததில் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கிறது. பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பழைய குறியீடு இருக்கும்.

5. குத்தகைச் சாகுபடி என்றால், விதைத்த பிறகு அடங்கலில் சாகுபடியாளராக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று காப்பீட்டுக் கெடுவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஏறாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் வாங்கி வையுங்கள். மற்ற ஒவ்வொரு கணினியும் அந்த ஒரு வரியைத்தான் படிக்கப்போகிறது.